புதுக்கோட்டையிலேயே தங்குங்கள்

புதுக்கோட்டைக்கு வருகிறவர்களில் பலர் திருச்சியிலோ காரைக்குடியிலோ அறை எடுத்துக்கொண்டு, ஒரே பகலில் ஐந்து இடங்களைப் பார்த்து முடிக்கத் திட்டமிடுகிறார்கள். இது தவறான திட்டம். சித்தன்னவாசலுக்கு நடுப்பகலில் போய்ச் சேர்ந்தால் அங்குள்ள ஏழடிப்பட்டம் குகைக்கு ஏறும் பாறை கொதிக்கும். குகையில் இருக்கும் சமணத் துறவிகளின் வழுவழுப்பான கற்படுக்கைகளையும், அவற்றில் ஒன்றில் வெட்டியிருக்கும் தமிழி எழுத்துகளையும் பாராமலேயே பாதிப் பேர் திரும்பிவிடுகிறார்கள். புதுக்கோட்டை நகரத்தில் இரண்டு இரவு தங்குங்கள். பேருந்து நிலையத்தையொட்டி எளிய விடுதி ஒன்று போதும். முதல் காலை சித்தன்னவாசல். அங்கேயே உள்ள அறிவர் கோயிலின் கூரையில் தீட்டிய தாமரைக் குளத்தை அண்ணாந்து பார்க்க அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட அந்த வண்ணம் கண்ணுக்குப் பழகித்தான் துலங்கும். வெயில் ஏறியதும் திருக்கோகர்ணத்து அருங்காட்சியகம்; 1910இல் தொடங்கியது, வெள்ளிக்கிழமை விடுமுறை. மறுநாள் நார்த்தாமலைக்கும் குடுமியான்மலைக்கும் போங்கள். நார்த்தாமலை விஜயாலய சோழீச்சரத்தில் சதுர விமானத்துக்குள் வட்டமான கருவறை. குடுமியான்மலையில் பாறையில் பொறித்த இசைக் கல்வெட்டு. எனக்கு நார்த்தாமலைக்கு இணையான இடம் இந்த மாவட்டத்தில் வேறில்லை. திருமயம் கோட்டையும் கொடும்பாளூர் மூவர் கோயிலும் அடுத்த பயணத்துக்கு இருக்கட்டும். தண்ணீர்ப் புட்டியை மறக்காதீர்கள். சித்தன்னவாசல் ஓவியங்களைத் தொடாதீர்கள், இப்போதே பெரும்பகுதி அழிந்துவிட்டது.