பஞ்சின் குற்றமும் புரதத்தின் பழியும்

எலும்பை வளர்க்கும் புரதம் கைக்கு வந்துவிட்டது, உடைந்த இடத்தில் அதை வைத்தால் போதும், இனி இடுப்பெலும்பைச் செதுக்கி எடுத்து ஒட்டவேண்டியதில்லை என்கிறார்கள். இந்தப் பேச்சுக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: மருந்து என்பது புரதம்தான், அதைத் தாங்கும் பஞ்சோ ஜெல்லோ வெறும் பை. என் சண்டை இந்த நம்பிக்கையோடுதான்.

இதற்குச் சான்றாக மார்ஷல் யூரிஸ்ட்டின் 1965ஆம் ஆண்டுச் சோதனையைக் காட்டுவார்கள். அவர் எலும்பை அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்புச் சத்தை நீக்கி, மிஞ்சியதை விலங்குகளின் தசைக்குள் வைத்தார். தசைக்குள் புது எலும்பு உண்டானது. சரி, ஆனால் அவர் உள்ளே வைத்தது புரதத்தை மட்டுமா? கொலாஜன் சட்டமும் அதைப் பற்றியிருந்த புரதமும் சேர்ந்தே உள்ளே போயின. 1981இல் சம்பத்தும் ஹரி ரெட்டியும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தார்கள். கரைந்து வந்த பகுதியை மட்டும் எலியின் தோலுக்கடியில் வைத்தபோது எலும்பு வரவில்லை. எஞ்சிய சட்டத்தை மட்டும் வைத்தாலும் வரவில்லை. இரண்டையும் மறுபடி சேர்த்து வைத்தபோது வந்தது. இத்துறையில் எனக்கு மிகப் பிடித்த சோதனை இதுதான். விளம்பரத் துண்டுகளில் இதற்கு இடமே கிடைப்பதில்லை.

அடுத்து, "உடம்பில் இருப்பதுதானே, கூடுதலாக வைத்தால் என்ன?" என்பது. மெட்ரானிக் நிறுவனத்தின் இன்ஃப்யூஸ் 2002இல் கீழ்முதுகு எலும்பு இணைப்புக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பி.எம்.பி-2 என்ற புரதக் கரைசலில் மாட்டுக் கொலாஜன் பஞ்சை நனைத்து வைப்பதுதான் முறை. மில்லிலிட்டருக்கு 1.5 மில்லிகிராம், பெரிய பொதியில் மொத்தம் 12 மில்லிகிராம். ஒரு கிலோ எலும்பைக் கரைத்தாலும் இந்தப் புரதம் மைக்ரோகிராம் கணக்கில்தான் கிடைக்கும். அப்புறம் ஏன் இவ்வளவு? பஞ்சு அதைப் பிடித்து வைப்பதில்லை. அழுத்தினால் சொட்டும், அழுத்தாவிட்டாலும் கணிசமான பங்கு முதல் சில நாட்களிலேயே வெளியேறிவிடும். எலும்போ வாரக்கணக்கில் உருவாவது. செல்கள் வந்து சேரவேண்டும், ரத்தக்குழாய் படரவேண்டும். ஆக அந்த 12 மில்லிகிராமில் பெரும்பகுதி சிகிச்சைக்கான அளவல்ல, ஒழுக்குக்காகச் சேர்த்து ஊற்றியது.

ஒழுகியது எங்கே போனது? 2008இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை விட்டது: அனுமதி இல்லாத கழுத்து அறுவைகளில் இதைப் பயன்படுத்தியபோது, வீக்கம் மூச்சுக்குழாயை நெரித்து உயிருக்கே ஆபத்து வந்திருக்கிறது. வேறு சிலருக்கு நரம்புப் பாதையில் வேண்டாத எலும்பு. அதிக அளவில் இதே புரதம் எலும்பைக் கரைக்கும் செல்களையும் எழுப்பிவிடும் என்பது இன்னொரு வினோதம்.

பாதுகாப்பானது என்ற வாதமோ எப்போதோ விழுந்துவிட்டது. நிறுவனத்தின் பணத்தில் நடந்த 13 ஆய்வுகள், 780 நோயாளிகள், இந்தப் புரதத்தால் வந்த பக்கவிளைவு ஒன்றுகூட இல்லை என்று எழுதியிருந்தார்கள். 2011இல் கராகீ குழுவினர் ஆவணங்களை ஒப்பிட்டு, உண்மை விகிதம் 10 முதல் 50 சதவீதம்வரை இருக்கலாம் என்று காட்டினர். 2013இல் யேல் பல்கலைக்கழக ஏற்பாட்டில் முழுத் தரவுகளையும் அலசிய இரு தனிக் குழுக்களும், முதுகெலும்பு இணைப்பில் இது இடுப்பெலும்பு ஒட்டைவிடப் பெரிதாக மேல் இல்லை என்றன.

இதைக் கேட்டதும் எதிர்முனைக்கு ஓடி, புரதமே உதவாது என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. தோல் கிழிந்து முறிந்த முழங்கால்கீழ் எலும்புகளில் 450 பேரிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், அதிக அளவு பெற்றவர்களுக்கு மறு சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு 44 சதவீதம் குறைந்தது. எலும்புக் குழலைக் குடைந்து ஆணி பொருத்தியவர்களிடம் பின்னர் நடந்த ஆய்வில் அந்த ஆதாயம் தெரியவில்லை. இடமும் முறையும் முக்கியம் என்பதற்குத்தான் இது சான்று.

சொந்த ரத்தத்தின் தட்டணுக்களைத் திரட்டி ஊசி போடுவதைப் பற்றி ஒரு வரி: அதிலும் தாங்கி இல்லை, தட்டணுக்கள் தூண்டப்பட்டதும் வளர்ச்சிக் காரணிகளில் பெரும்பங்கை ஒரு மணி நேரத்துக்குள் கொட்டிவிடுகின்றன.

கொட்டாமல் பிடித்துவைக்கும் வழி உண்டா? உடம்பே ஹெப்பரான் சல்பேட் போன்ற சர்க்கரைச் சங்கிலிகளில் இந்தப் புரதங்களைக் கட்டித்தான் வைக்கிறது. ஹெப்பரின் கோத்த ஜெல்கள் அந்த வழியைப் பின்பற்றுபவை. 2014இல் மார்ட்டினோ, ஹப்பெல் குழுவினர் திசுச் சட்டத்தோடு இறுக ஒட்டும் ஒரு சிறு துண்டைப் புரதத்திலேயே இணைத்தார்கள். எலியின் மண்டையோட்டுத் துளைகள் குறைந்த அளவிலேயே நன்றாக அடைந்தன. எலியின் மண்டையோடு உடல் எடையைச் சுமப்பதில்லை என்பதை மறக்கக் கூடாது. மனிதரிடம் நடக்கவேண்டிய சோதனை வேறு: ஒரே புரதம், ஒரே அளவு, இரண்டு தாங்கிகள்.

அப்படியொரு சோதனைக்கு நிறுவனங்கள் தயங்கக் காரணம் இருக்கிறது. 2002இல் அனுமதி கிடைத்தது புரதத்துக்குத் தனியாக அல்ல; புரதம், பஞ்சு, டைட்டானியக் கூண்டு மூன்றும் சேர்ந்த ஒரே மருத்துவக் கருவிக்கு. பஞ்சை மாற்றினால் அனுமதிக்கு மறுபடி போய் நிற்கவேண்டும். பஞ்சு வெறும் பை என்று சட்டத்தின் கண்ணுக்குக்கூடத் தோன்றவில்லை.