நாற்காலிக்கும் உதிரிபாகம் வேண்டும்

ஓசூரில் கிடைக்காத உதிரிபாகம் என்று ஒன்று உண்டா என்று கேட்டால், உண்டு என்பேன். தோட்டத்து நாற்காலியின் கால் மூடி.

1980ல் இங்கிருந்து புறப்பட்ட டிவிஎஸ் 50 வண்டிக்கு இன்றும் தேன்கனிக்கோட்டையில் ஒரு சின்னக் கடையில் கேபிள் கேட்டால், ஆணியில் மாட்டியிருப்பதை உருவித் தருகிறார்கள். அசோக் லேலண்ட் லாரிக்கு வேண்டியதை ஓசூரில் தேடி அலைய வேண்டியதே இல்லை. டைட்டன் கடிகாரத்துக்குள் இருக்கும் கடுகளவு திருகாணிக்குக்கூட ஓர் அளவு உண்டு, மாற்றுவதற்கு ஆள் உண்டு. ஆனால் 25 மில்லிமீட்டர் இரும்புக் குழாயின் அடியில் செருகும் பிளாஸ்டிக் மூடியைத் தேடிப் போனால், “புது செட் வாங்கிக்கோங்க சார்” என்கிறார்கள். அச்சிலிருந்து விழும்போது சில்லறைக் காசு பெறுகிற சமாச்சாரம் அது.

இந்தத் தொழிற்பேட்டையில் டூல் ரூம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்தப் பிளாஸ்டிக் பொருளைக் கையில் எடுத்தாலும் அச்சு பிரிந்த கோட்டைத்தான் என் கண் முதலில் தேடும். தளியில் குடியேறிய பிறகு அந்தப் பழக்கம் நாற்காலிகளின் பக்கம் திரும்பிவிட்டது. பெங்களூர்க்காரர்கள் ஆனேக்கல் வழியாக வந்து இந்தப் பக்கம் பண்ணைவீடு கட்டுகிறார்கள். கூடவே பிரம்பு மாதிரி பின்னிய செட், குடை வைத்த மேசை, ஊஞ்சல் எல்லாம் வந்து இறங்குகின்றன. நாலைந்து மழைக்காலம் போனால் அதே சாமான்கள் பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் கிடக்கின்றன. அங்கிருந்துதான் நான் எடுத்து வருகிறேன். “இன்னொண்ணா?” என்று கேட்பதை வீட்டம்மா நிறுத்தி வெகுநாளாயிற்று.

வெள்ளைக்காரர்கள் தளியைக் குட்டி இங்கிலாந்து என்று அழைத்தார்கள் என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை. அந்தக் குளிரும் பனியும் இங்குள்ள ரோஜாவுக்கு நல்லது, இரும்புக்கு ஆகாது. கால் மூடி தேய்ந்தோ கழன்றோ போனால் குழாயின் வாய் நேராக ஈரத் தரையில் உட்காரும். இரவில் குழாயின் உட்சுவர் வியர்க்கும். வெளியே பெயின்ட் பளபளவென்றுதான் இருக்கும், துரு உள்ளே வளரும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும்; கடைசியில் தையல் போட்ட கோட்டிலேயே குழாய் பிளந்துகொள்ளும். நாற்காலி போச்சு என்று தூக்கிப் போடுகிறோம். உண்மையில் போனது மூடி மட்டும்தான், அதுவும் இரண்டு வருஷத்துக்கு முன்னால்.

மூடி செய்வது பெரிய வித்தை இல்லை. 25 மி.மீ. குழாயின் தகடு 1.2 மி.மீ. என்றால் உள்விட்டம் 22.6. நைலான் ராடை 22.8க்குக் கடைந்து, முனையைச் சற்றுச் சரித்துவிட்டு, மரச் சுத்தியலால் தட்டினால் இறுகிக்கொள்ளும். நைலான் ஈரத்தைக் குடித்துக் கொஞ்சம் ஊதும் என்பதால் மழைக்காலத்தில் பிடி இன்னும் கெட்டியாகும். ஒன்று மட்டும் மறக்கக்கூடாது: நடுவில் 4 மி.மீ. துளை வேண்டும். முழுக்க அடைத்துவிட்டால், மேலே ஏதோ ஒரு திருகு ஓட்டை வழியாக இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் காலுக்குள்ளேயே குடியிருக்கும்.

கஷ்டம் கடைந்து தருவதற்கு ஆள் பிடிப்பதில்தான். “ஒண்ணு ரெண்டு பீஸுக்கு செட்டிங் போட்டா கட்டுப்படியாகாது சார்” என்பார் லேத் பட்டறைக்காரர். அவர் சொல்வது நியாயம். மெஷினைத் தயார் செய்ய ஆகும் நேரம் ஒன்றுக்கும் அதேதான், நூற்றுக்கும் அதேதான். அதனால் அக்கம்பக்கத்து வீடுகளில் அளவெடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து, வேலை குறைந்த சனிக்கிழமை மாலையில் மிச்சத் துண்டு ராடோடு போய் நிற்பேன். அப்போது சிரித்துக்கொண்டே செய்து தருவார்.

இப்போது பொறியியல் படிக்கும் பையன்கள் முப்பரிமாண அச்சில் போட்டுத் தருகிறோம் என்று வருகிறார்கள். வரட்டும். ஆனால் அவர்கள் கையில் பெரும்பாலும் இருப்பது பிஎல்ஏ என்ற இழை. அது 60 டிகிரிக்கு அருகிலேயே இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் கறுப்பு நாற்காலியின் மேல் அந்தச் சூடு ஏறக்கூடியதுதான். வெளியில் வைக்கும் பொருளுக்கு ஏஎஸ்ஏ போன்ற வெயில் தாங்கும் இழை வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறேன்.

மூடியில் மட்டுமல்ல, திருகிலும் கவனம் வேண்டும். அலுமினியச் சட்டத்தில் வெறும் இரும்புத் திருகைப் போடக்கூடாது. இரண்டும் ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம் அரிபடும். எவர்சில்வர் திருகு, நடுவில் நைலான் வாஷர், அவ்வளவுதான். உட்காரும் பலகைக்குச் சில்வர் ஓக் ரீப்பர் மலிவாகக் கிடைக்கிறது என்று போட்டால் மழையில் உளுத்துவிடும். இடித்த வீட்டின் தேக்குச் சட்டத்தை அறுத்துப் போடுவதே மேல்.

பிரம்பு ஒடிந்த இடத்துக்கு உண்ணிச்செடியைப் பரிந்துரைப்பேன். நம் காடுகளை அடைத்துக்கொண்டு யானைக்கும் மானுக்கும் தீனி இல்லாமல் செய்கிற அதே செடிதான். எல்லைக்கு அந்தப் பக்கம் மலை மாதேஸ்வரன் மலையில் சோலிகர்கள் இதன் தண்டை வேகவைத்து, பட்டை உரித்து, சூடு இருக்கும்போதே வளைத்து நாற்காலியும் சோபாவும் செய்கிறார்கள். 2004 முதல் அங்கே ‘ஏட்ரீ’ என்ற ஆய்வு நிறுவனத்தின் துணையோடு இந்தக் கைத்தொழில் வளர்ந்தது. ஜவளகிரிப் பக்கத்து வயல் வேலிகளிலும் இது வேண்டிய மட்டும் இருக்கிறது. காப்புக்காட்டுக்குள் கத்தியோடு போக வேண்டாம், வேலியே போதும்.

எதையும் வீட்டிலேயே செய்துவிடலாம் என்ற கட்சி அல்ல நான். ஊஞ்சலின் மேல் கொக்கி, சங்கிலி, அது தொங்கும் பேரிங் ஆகியவற்றைக் கையால் செய்து மாட்டுகிறவரைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். நிற்கிற நாற்காலி ஒடிந்தால் முழங்கை சிராய்க்கும். ஆடுகிற ஊஞ்சல் அறுந்தால் குழந்தையின் தலை. அதற்குப் பளு குறித்த சரக்கைக் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

இனி ஒற்றை வார்ப்புப் பிளாஸ்டிக் நாற்காலிக்கு வருவோம். 1972ல் பிரான்சில் ஆன்ரி மசோனே செய்த ‘ஃபோத்தேய் 300’ இந்த வம்சத்தின் முக்கியமான மூதாதை. ஒரே அச்சு, ஒரே அழுத்தம், இரண்டு நிமிடத்துக்குள் ஒரு நாற்காலி. அச்சுக்காரன் என்ற முறையில் அதற்கு ஒரு சலாம் போடுவேன். பழுதுபார்ப்பவன் என்ற முறையில் கையைப் பிசைகிறேன். அதில் கழற்ற எதுவும் இல்லை, பாலிபுரொப்பிலீனில் சாதாரணப் பசை ஒட்டாது. இருந்தும் நம் டீக்கடைக்காரர்கள் விடவில்லை. ஆணியைப் பழுக்கக் காய்ச்சி ஓட்டை போட்டு, கட்டுக் கம்பியால் தைத்து, இன்னும் நாலு வருஷம் ஓட்டுகிறார்கள். தைப்பதற்கு முன் விரிசலின் நுனியில் ஒரு வட்டத் துளை போட்டால் அது மேலே ஓடாமல் நிற்கும்.

இதற்கு நேர் எதிர் 1859ல் வியன்னாவின் தோனட் நிறுவனம் கொண்டுவந்த 14ஆம் எண் நாற்காலி. ஆறு மரத் துண்டு, பத்துத் திருகு, இரண்டு நட். பிரித்து அடுக்கினால் ஒரு கனமீட்டர் பெட்டியில் 36 நாற்காலி. கப்பல் கூலியை மிச்சப்படுத்தச் செய்த ஏற்பாடு அது. ஆனால் எதைத் திருகிப் பூட்டினார்களோ அதைத் திருகிக் கழற்றலாம், ஒரு கால் ஒடிந்தால் ஒரு காலை மட்டும் மாற்றலாம். செய்கிறவர் தலையில் நாற்காலி பிரிகிற பொருளாக இருந்தால்தான் உதிரிபாகம் என்ற ஒன்றே பிறக்கும். நானும் லேத்காரரும் என்ன முயன்றாலும் வெல்டிங் வைத்து மூடிவிட்ட மூட்டை எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், செல்போன்கள், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளைப் பட்டியலிட்டார்கள். நல்ல காரியம். அதில் நாற்காலி மேசை இல்லை. 2025 பிப்ரவரியில் அறைகலன்களுக்கென்று தரக்கட்டுப்பாட்டு ஆணை வந்தது. நாற்காலி பளு தாங்குமா, கவிழுமா என்று அந்தத் தரமுறைகள் சோதிக்கும். அதன் கால் மூடி நாளை கிடைக்குமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. பிரான்சில் 2020ல் வந்த விரயத் தடுப்புச் சட்டம் அறைகலன்களையும் சேர்த்துக்கொண்டது. உதிரிபாகம் எத்தனை காலம் கிடைக்கும் என்பதைத் தயாரிப்பாளர் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் கிடைக்காது என்றே பொருள். வாங்குகிறவருக்கு அந்த ஒரு தகவலே போதும்.

நம் ஊரில் இன்னும் எளிதாகத் தொடங்கலாம். குழாயின் அளவையும் தகட்டின் கனத்தையும் இருக்கையின் அடியில் அச்சிட்டுவிட்டால் மூடியை உள்ளூர் லேத்காரர் பார்த்துக்கொள்வார், கம்பெனியைத் தேடவே வேண்டாம். புதிய சட்டத்துக்குக் காத்திராமல் செய்யக்கூடிய இன்னொன்று பஞ்சாயத்துகளின் கையில் இருக்கிறது. இங்கே ஒரு பூங்காவில் வார்ப்பிரும்புக் கால்கள் திடமாக நிற்க, ஒரு ரீப்பர் ஒடிந்ததற்காக முழுப் பெஞ்சையும் ஓரங்கட்டி வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை பெஞ்சுக்கு ஒப்பந்தப் புள்ளி கோரும்போது இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்கட்டும். பலகைகள் வெல்டிங்கோ ரிவெட்டோ இல்லாமல் எட்டு மில்லிமீட்டர் எவர்சில்வர் போல்ட்டில் பூட்டப்பட வேண்டும். பத்துப் பெஞ்சுக்கு ஒரு பெஞ்சு என்ற கணக்கில் உதிரி ரீப்பரையும் போல்ட்டையும் பில்லோடு சேர்த்துப் பஞ்சாயத்துக் கிட்டங்கியில் ஒப்படைக்க வேண்டும். அதைக் கழற்றி மாட்ட பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனர் போதும், அது தளியில் டூவீலர் வைத்திருக்கும் வீடு பலவற்றில் இருக்கிறது.