கார் எப்போது வரும்?

கார் வாங்குவது பல குடும்பங்களில் பத்து வருஷத்துக் கனவு. சீட்டுப் பணம், சேமநிதி, பாங்கிக் கடன் எல்லாம் ஒன்று சேர்ந்த பிறகுதான் கடைப்படி ஏறுகிறார்கள். முன்பணம் கட்டுகிறார்கள். ரசீது கிடைக்கிறது. "எட்டு வாரத்தில் வண்டி வந்துவிடும்" என்கிறார் கடைச் சிப்பந்தி.

எட்டு வாரம் போகிறது. பதினாறு வாரமும் போகிறது. வண்டி வரவில்லை. இதற்கிடையில், அதே கடையில் பின்னால் பணம் கட்டிய அடுத்த தெருக்காரர் வீட்டு வாசலில் புதுக் கார் மாலையோடு நிற்கிறது!

இது எப்படி நடக்கிறது?

ரசீது கையில் வந்ததுமே தொழிற்சாலையில் தம் பெயருக்கு ஒரு கார் தயாராகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. தையற்காரரிடம் அளவு கொடுத்துச் சட்டை தைப்பது போன்றதல்ல இது. ரேஷன் கடைக்குச் சர்க்கரை வருவதைப் போன்றது. எத்தனை மூட்டை என்பதைக் கடைக்காரர் தீர்மானிப்பதில்லை. வந்ததைத்தான் அவர் கொடுக்க முடியும்.

கார்க் கம்பெனி மாதந்தோறும் எந்த ரகம் எத்தனை, எந்த நிறம் எத்தனை என்று திட்டம் போடுகிறது. பிறகு அவற்றை டீலர்களுக்குப் பங்கு பிரிக்கிறது. இதுதான் ஒதுக்கீடு. டீலரிடம் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், போன மாதங்களில் எத்தனை விற்றார், கொட்டகையில் எத்தனை தேங்கிக் கிடக்கின்றன, பணம் தயாராக இருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்தே பங்கு கிடைக்கும். வேகமாக விற்பவருக்கு மேலும் வண்டி வரும். ஆகையால் ஒரே நாளில் பணம் கட்டிய இரண்டு பேரில், பெரிய டீலரிடம் கட்டியவர் முந்திக்கொள்வதும் உண்டு.

டீலர் பாடும் சுலபமல்ல. பெரும்பாலும் பாங்கிக் கடன் வாங்கித்தான் அவர் கம்பெனிக்குப் பணம் செலுத்துகிறார். வண்டி விற்றாலும் விற்காவிட்டாலும் வட்டி ஓடும். எல்லோரும் கேட்கும் ரகம் பத்து வரும். யாரும் கேட்காத ரகம் இருபது வந்து நிற்கும். 2024ஆம் ஆண்டில் நாடு முழுவதும் டீலர்களிடம் 70 நாள் விற்பனைக்கு மேல் கார்கள் தேங்கிக் கிடப்பதாக அவர்களுடைய கூட்டமைப்பே முறையிட்டது.

சரி, லாரியில் பத்து கார் வந்து இறங்குகிறது. யாருக்கு எது?

முதலில் நிற்பவர் வெள்ளை கேட்டார், வந்தது சிவப்பு. நான்காவது ஆள் சிவப்புக் கேட்டிருந்தார், அவருக்குப் போகிறது. இதில் குற்றமில்லை. ஆனால் வெள்ளையே வந்தும், சிபாரிசோடு வந்தவருக்கு அது போனால்? கடையிலேயே இன்ஷூரன்ஸ் எடுத்து, ஐம்பதாயிரத்துக்கு உபரி சாமான்களும் வாங்கச் சம்மதித்தவர் முந்தினால்? அதற்குப் பெயர் வியாபார சாமர்த்தியம் அல்ல. இன்ஷூரன்ஸை எந்தக் கம்பெனியிலும் எடுக்கும் உரிமை கார் வாங்குகிறவருக்கு உண்டு. அதைக் காட்டி வரிசையை மாற்றுவது அநியாயம்.

இதில் நஷ்டம் நாள் மட்டுமல்ல. பெரும்பாலான ஆர்டர் படிவங்களில், "வண்டி கொடுக்கும் நாளில் உள்ள விலையே விலை" என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். டிசம்பரில் வந்திருக்க வேண்டிய கார் ஜனவரிக்குத் தள்ளிப்போய், நடுவில் விலை ஏறினால், உயர்வைக் கட்டுகிறவர் காத்திருந்தவர்தான். வரிசையில் குறுக்கே புகுந்தவர் பழைய விலையில் ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார்.

இந்தத் தொல்லை புதிதல்ல. அம்பாசடர் வங்காளத்து உத்தர்பாராவிலும், பியட் பம்பாய் குர்லாவிலும், ஸ்டாண்டர்டு சென்னையை அடுத்த வண்டலூரிலும் தயாரான காலத்தில், ஒரு காருக்கு வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். 1959இல் மத்திய அரசு கார் விற்பனைக் கட்டுப்பாட்டு உத்தரவு போட்டது. டீலர் பதிவேடு வைக்க வேண்டும். பதிவு வரிசைப்படி கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சர்க்காருக்கென்று தனிப் பங்கும் இருந்தது. அப்படியும் கூடுதல் பணம் கொடுத்து முறையை மாற்றியவர்கள் இருந்தார்கள் என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். 1983இல் மாருதி வந்தபோது முன்பணம் கட்டியவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். யாருக்கு முதலில் என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது.

அந்தக் கட்டுப்பாடு இன்று இல்லை. வேண்டும் என்று கேட்பதற்கும் இல்லை. ஆனால் வரிசை யாருடைய கணக்கில் இருக்கிறது என்று கேட்கலாம். 2022 ஜூலை 30ஆம் தேதி மகீந்திரா கம்பெனி ஸ்கார்ப்பியோ-என் வண்டிக்குப் பதிவு தொடங்கியது. அரை மணி நேரத்தில் ஒரு லட்சம் பேர் பதிந்தார்கள். முதல் 25,000 பேருக்கு அறிமுக விலை என்று முன்னரே அறிவித்திருந்தார்கள். யார் முன், யார் பின் என்று அத்தனை பெரிய கூட்டத்தில் கம்பெனியால் கணக்கு வைக்க முடிகிறது. ஒரு டீலர் கடையில் காத்திருக்கும் நூறு பேருக்கு ஒரு பலகையில் எழுதிப் போட முடியாதா?

ஒவ்வொரு காருக்கும் சேஸிஸ் எண் உண்டு. அந்த எண் ஒருவர் பெயருக்கு எதிரே எழுதப்படும் நாளில்தான் அந்தக் கார் அவருடையது. அதுவரை "வண்டி வழியில் இருக்கிறது" என்பது வெறும் வாய்ச்சொல். எனவே பணம் கட்டும்போதே, கேட்கும் ரகத்துக்கும் நிறத்துக்கும் முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள், போன மாதம் அதில் எத்தனை வந்தன, வேண்டாம் என்றால் முன்பணத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்று கேட்டு, ரசீதின் பின்பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். கையெழுத்துப் போடத் தயங்கும் கடை என்றால், அடுத்த கடைக்கும் ஒருமுறை நடந்து பார்க்கலாம்.