சிறார் வகுக்கும் திட்டம்

கல்வியாவது அறிவை நிறைப்பதோ, அன்றி அறிந்ததைக் கொண்டு செயலாற்றும் திறத்தை வளர்ப்பதோ என்னும் வினா நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருவதொன்று. அதற்கு முடிந்த முடிபாக விடை கூறும் தகுதி எளியேனுக்கு இல்லை. ஆயினும், சுற்றுச்சூழற் கல்வி என்னும் ஒரு துறையைப் பொறுத்தமட்டில் ஒன்று துணிந்து கூறலாம். பெரியோர் வகுத்த திட்டத்தைச் சிறார் கையாற் செய்விப்பது மட்டும் கல்வியாகாது; திட்டத்தை வகுக்கவும் அவர்க்குக் கற்பித்தல் வேண்டும். இதனைப் பொதுவாகக் கூறி அமையாது, கொல்லிமலையின் அரியூர் நாட்டை நிலைக்களனாகக் கொண்டு விளக்கப் புகுகின்றேன்.

கொல்லிமலை தமிழ் பயில்வார்க்குப் புதியதன்று. வல்வில் ஓரி ஆண்ட மலையாகவும், பாவை உறைந்த மலையாகவும் சங்கச் சான்றோர் அதனைப் பாடினர். இந்நாளில் நாமக்கல் மாவட்டத்தைச் சார்ந்த அம்மலை பதினான்கு நாடுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது; அவற்றுள் ஒன்று அரியூர் நாடு. மலைவாழ்நருட் பெரும்பாலோர் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். இவர் தமிழ் பேசுவோர். கேரள நாட்டு மலையாளிகளினின்றும் வேறானவர். சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு என்பன இவர்தம் பழம் பயிர்கள். சென்ற சில பத்தாண்டுகளில் அப்பயிர்கள் நின்ற இடத்திற் பெரும்பகுதியை மரவள்ளி கவர்ந்துகொண்டது. சமவெளியிலுள்ள ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கை விலைகொடுத்துக் கொள்வதால் கைக்குப் பணம் வருகின்றது. ஆதலின் குடியானவரைக் குறை கூறுதல் பொருந்தாது. எனினும், கிழங்கை அகழ்ந்தெடுக்குந்தோறும் சரிவு நிலம் கிளறப்படுகின்றது. கிளறிய மண் அடுத்த மழையோடு இறங்கிவிடுகின்றது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து சிறுதானிய விதைகளைக் காக்கும் பொருட்டு அம்மலையில் முயன்றமை பலரும் அறிந்ததே. மண்ணும் விதையும் ஒருங்கே குறையும் இடத்தில் பள்ளிக்கூடம் வாளா இருத்தல் தகுமோ?

பள்ளிகள் ஒன்றும் செய்யவில்லை என்பதன்று. சுற்றுச்சூழலைப் பாடமாகக் கற்பித்தல் வேண்டுமென உச்ச நீதிமன்றம் 1991-ஆம் ஆண்டிலேயே பணித்தது. 2001-ஆம் ஆண்டில் மத்திய அரசு தேசிய பசுமைப் படையைத் தொடங்கிற்று. ஆண்டுதோறும் ஜூன் 5-ஆம் நாள் பல பள்ளிகளிற் கன்று நடுவிழா நிகழ்கின்றது. ஆனால் அவ்விழாவை உற்று நோக்குமின்! எந்தக் கன்று என்பதை வேறொருவர் முடிவு செய்கின்றார். குழியை வேறொருவர் தோண்டுகின்றார். குழந்தை கன்றைத் தொட்டு நிற்கப் படம் எடுக்கப்படுகின்றது. சித்திரை வெயிலில் அதற்கு நீர் வார்ப்பவர் யார் என்று எவரும் முன்னரே எண்ணவில்லை. நட்ட கன்றுகளின் தொகையைக் கேட்பார் பலர். பிழைத்த கன்றுகளின் தொகையைக் கேட்பார் அரியர். மலையின் சோலைகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்த சிறுவனுக்கு இவ்விழா கற்பிப்பது யாதோ?

வில்லியம் கில்பாட்ரிக் என்னும் அமெரிக்கக் கல்வி அறிஞர் 1918-இல் செயற்றிட்ட முறையைப் பற்றி எழுதியபோது, நோக்கம் கொள்ளுதல், திட்டமிடுதல், நிறைவேற்றுதல், மதிப்பிடுதல் என நான்கு படிகளை வகுத்தார். நம் பள்ளிகள் மூன்றாம் படியை மட்டும் குழந்தைக்கு விட்டு, ஏனைய மூன்றையும் தமக்கே வைத்துக்கொள்கின்றன. எண்ணிச் செய்தலின் இன்றியமையாமையை உணர்த்தத் திருவள்ளுவர் தெரிந்து செயல்வகை என ஓர் அதிகாரமே இயற்றினார். அரசர்க்கும் அமைச்சர்க்கும் மட்டும் உரியதென்று அதனை ஒதுக்கிவிடுதல் ஆகாது.

கொல்லிமலையிலேயே நிகழ்ந்ததொரு சான்றும் உண்டு. தொழுநோயாளரின் கைகளைச் சீர்செய்யும் அறுவை மருத்துவத்தால் வேலூரிற் புகழ்பெற்ற பால் பிராண்டு 1914-இல் அம்மலையிற் பிறந்தவர். அவர் பெற்றோர் ஆங்கு ஊழியம் செய்தவர். தம் இளமையில் மலைச்சிறாரோடு படிக்கட்டு வயலிற் சேற்றைக் கலக்கித் தவளை பிடித்து விளையாடுங்கால், முதியவர் ஒருவர் கைநிறையச் சேற்றை அள்ளிக் காட்டி, வரப்பைக் கடந்து கலங்கல் நீர் ஓடுமாயின் மலையின் உயிரே ஓடுகின்றதென உணர்த்தியதை அவர் பிற்காலத்தில் எழுதியுள்ளார். ஒரு சேற்றுக் கையளவு அறுபது ஆண்டுகட்கு மேல் ஒருவர் நெஞ்சில் நின்றது. காரணம் யாது? பாடம் குழந்தையின் காலடியிலேயே இருந்தது. அவன் செயலுக்கும் அவ்விழப்புக்கும் உள்ள தொடர்பு அவன் கண்முன்னே விளங்கிற்று. இத்தகைய முதியோர் இன்றும் மலையூர்களில் உளர். அவர் அறிவைப் பள்ளிக்குள் அழைப்பாரே வேண்டும்.

அரியூர் நாட்டுத் தொடக்கப்பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்புச் சிறார் ஒரு திட்டம் வகுக்கின்றனர் எனக் கொள்வோம். ஆசிரியர் விடை கூறாது வினா மட்டும் எழுப்புகின்றார்: மழைநீர் ஏன் சிவந்து ஓடுகின்றது? எங்கெங்கே மிகச் சிவக்கின்றது? மரவள்ளி நிலத்தின் கீழும், சாமை நிலத்தின் கீழும், சோலையின் ஓரத்தும் ஒரே மழையில் நீர் முகந்து, ஒரே அளவான கண்ணாடிப் புட்டிகளிற் தெளியவைக்கலாம் எனச் சிறாரே கூறுவர். அடியிற் படிந்த மண்ணை அளவுகோலால் அளப்பர். பின்னர், யாது செய்வது என்னும் ஆராய்ச்சி எழும். சரிவின் குறுக்கே கல் அடுக்குவதோ, வெட்டிவேர் நடுவதோ? கல் எங்கே கிடைக்கும்? நிலத்துக்குரியவரிடம் யார் சென்று இசைவு கேட்பது? ஐப்பசி மழைக்கு முன் எத்தனை நாள் உள? வேலை முடிந்தபின் மறு ஆண்டு அதே இடத்தில் அதே புட்டியால் மீண்டும் அளப்பது யார் பொறுப்பு? இவ்வளவும் ஒரு தாளில் எழுதப்படுமாயின், அதுவே திட்டம். அதனுள் கணக்கு உண்டு, அறிவியல் உண்டு, பெரியோரிடம் பணிந்து பேசும் தமிழும் உண்டு. இவ்வாறே பாட்டிமாரிடம் சாமை விதை கேட்டு வாங்கி, விளைந்தபின் கூடுதலாக அளந்து திருப்பிக்கொடுக்கும் திட்டத்தையும் அவர் வகுக்கலாகும்.

சிறு குழந்தைகட்கு இது மிகை என்பர் சிலர். குறிஞ்சிப் பாடல்களில் தினைப்புனம் காத்துக் கிளி கடியும் பொறுப்பு இளையோரிடமே விடப்பட்டதை அவர் மறந்தனர் போலும். 1993 முதல் நிகழ்ந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டின் பொருட்டு, நம் மாநிலத்தில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துணையோடு, சிறார் குழுவாகத் தம் ஊர்ச் செய்திகளை ஆராய்ந்து வருகின்றனர். ஆனால் பத்து வயது நிரம்பியோர்க்கே அதில் இடம். அதற்கு முற்பட்ட பருவமே வினாக்கள் மிக்கெழும் பருவம் அன்றோ?

பாடம் முடிக்கவே காலம் இல்லை என்பது மற்றொரு தடை. இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்புகளையும் நடத்தும் பள்ளிகளில் இது மெய்யான துன்பமே. அதனை எளிதாகப் புறந்தள்ளுதல் முறையன்று. ஆதலின் ஆண்டுக்கு ஒரு திட்டம் போதும் என்பேன். பல விழாக்களைக் குறைத்து ஒரு செயலை ஆண்டு முழுதும் தொடர்தல் நன்று. திட்டம் தோற்றால் என்செய்வது எனின், தோல்வியையும் அளந்து எழுதுக. அடுக்கிய கல் மழையிற் சரிந்தால், ஏன் சரிந்ததெனச் சிறார் ஆராய்வர். வெற்றிக்கு மட்டும் மதிப்பெண் தரும் அதிகாரிகள் இதனை உணர்தல் வேண்டும்.

நம் கல்லூரியிற் பயின்று வெளியேறுவோருட் பலர் ஆசிரியராவர். பழைய மாணவருட் பலர் இன்றே தலைமையாசிரியராயும் கல்வி அதிகாரிகளாயும் விளங்குகின்றனர். அவர்க்கு என் விண்ணப்பம் ஒன்றே. அடுத்த கன்று நடுவிழாவிற்கு ஒரு திங்கள் முன்னர்க் குழந்தைகளை அமர்த்தி, நடவேண்டுவது யாது, எங்கே, எதற்கு, யார் காப்பது என்று வினவுமின்! அவர் கன்றே வேண்டாம், ஊற்றைத் தூர்வார வேண்டும் என்பாராயின் அதற்கும் இசைமின்! மலையில் நாளை வாழ்பவர் அவரே; அம்மலைக்கு வேண்டுவது யாதென இன்று எண்ணப் பழகுவதும் அவர்க்கே உரியது.