கம்ப்யூட்டர் வந்துவிட்டால் கீபோர்டு கிளாஸ் வேண்டாமா?

மாங்காட்டில் எங்கள் தெருக்காரர் ஒருவர் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கினார். சாப்ட்வேர் போட்டுத் தரப் போயிருந்தேன். அவர் மகன் ஏழாம் வகுப்பு. இரண்டு வருடமாகக் கீபோர்டு கற்கிறான். "தம்பி, இனிமே கிளாஸ் பீஸ் எதுக்கு? மியூசிக்கை எல்லாம் கம்ப்யூட்டரே போட்டுடுமே" என்றார். பையன் முகம் வாடிவிட்டது.

உங்களில் பலரும் இப்படி நினைக்கலாம். அது தவறு என்பது என் கருத்து.

ஏ.ஆர். ரகுமானைப் பாருங்கள். 1992-ல் 'ரோஜா' வந்தபோது, "எல்லாம் கம்ப்யூட்டர் மியூசிக்" என்றவர்கள் உண்டு. ஆனால் அதற்கு முன் பல வருடங்கள் மற்ற இசையமைப்பாளர்களிடமும் இசைக்குழுக்களிலும் கீபோர்டு வாசித்தவர் அவர். அந்தப் பழக்கத்தோடுதான் 1994-ல் 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' வரை வந்தார்.

அமெரிக்காவின் ஹெர்பி ஹான்காக்கும் அப்படித்தான். கல்லூரியில் இசையோடு மின்பொறியியலும் படித்தவர். 1963-ல் மைல்ஸ் டேவிஸின் ஜாஸ் குழுவில் பியானோ கலைஞராகச் சேர்ந்தார். 1973-ல் 'ஹெட் ஹன்டர்ஸ்' ஆல்பத்தில், ஆட்டம் போட வைக்கும் ஃபங்க் இசைக்கு மாறினார். அதில் வரும் 'கமிலியன்' பாடலின் பாஸ் இசையைச் சிந்தசைசரில் தன் கையாலேயே வாசித்தார். 1983-ல் 'ராக்கிட்' மூலம் எலக்ட்ரானிக் இசையில் உலகப் புகழ் பெற்றார். கருவி மாறியது, விரல்கள் அதே விரல்கள்தான்.

அதே 1983-ல் அறிமுகமானது மிடி. கீபோர்டையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் முறை இது. மிடி பைலில் ஒலி இருக்காது. எந்தக் கட்டையை, எப்போது, எவ்வளவு அழுத்தி, எவ்வளவு நேரம் வாசித்தீர்கள் என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். தாளம் தவறினால் சாப்ட்வேர் சரிசெய்யும். எதை வாசிப்பது என்பதை உங்கள் காதுதான் சொல்ல வேண்டும்.

கேட்டவுடன் பாட்டுப் போட்டுத் தரும் ஏஐ சாப்ட்வேர்களும் இப்போது வந்துவிட்டன. அதில் பாட்டுக் கிடைக்கும், வாசிக்கத் தெரியாது.

எனவே பெற்றோர்களே, கம்ப்யூட்டருக்காகக் கிளாஸை நிறுத்தாதீர்கள். வீட்டுக் கீபோர்டில் யுஎஸ்பி அல்லது மிடி இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கம்ப்யூட்டருடன் இணைத்து, எல்எம்எம்எஸ் என்ற இலவச சாப்ட்வேரில் பதிவு செய்யலாம்.

அன்று அந்தப் பையனை அப்படி வாசிக்க வைத்தேன். தவறுகளோடுதான் வாசித்தான். அப்பா அதை மூன்று முறை போட்டுக் கேட்டார். கிளாஸ் தொடர்கிறது.