மூடுபனியில் மறையும் வெள்ளை

வெலிமடையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறிச் செல்லும் வீதியோரத்தில் ஒரு நாட்காலை பஸ்ஸிற்காகக் காத்து நின்றேன். இரவெல்லாம் பெய்த மழை ஓய்ந்திருந்தது. ஆயினும் ஹக்கலைப் பக்கத்து மலைச்சரிவிலிருந்து மூடுபனி கீழிறங்கி, போஞ்சிக் கொடிகளையும் உருளைக்கிழங்குப் பாத்திகளையும் ஒன்றன்பின் ஒன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. அவ்வேளை மூதாட்டி ஒருவரும் அவருடைய பேத்தியும் என்னைக் கடந்து சென்றனர். மூதாட்டி தலையோடு சேர்த்துக் கறுப்புக் கம்பளி போர்த்தியிருந்தார். பேத்தியோ பாடசாலைச் சீருடையில் இருந்தாள். வெள்ளைக் கவுன், வெள்ளைக் காலுறை, வெள்ளைச் சப்பாத்து. "அப்பாயி, மணி அடிச்சிருவாங்க" என்று அவள் அவசரப்படுத்த, இருவரும் கைகோத்து விரைந்தனர்.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். சிறிது தூரம் சென்றதும் பேத்தியைக் காணவில்லை! கறுப்புக் கம்பளி மட்டும் தனியே நடந்து போவதுபோல் தோன்றிற்று. குழந்தையின் சிரிப்பொலி கேட்டது, குழந்தை தெரியவில்லை. அந்தக் கணத்தில் வளைவில் ஒரு லொறி திரும்பியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணியபோது நெஞ்சு திடுக்கிட்டது.

பின்னர் பஸ்ஸில் ஏறி, ஓட்டுநரிடம் இதனைச் சொன்னேன். பல்லாண்டு அனுபவமுள்ள அவர் தலையசைத்தார். "இரவிலே வெள்ளைச் சட்டை வெகு தூரத்திலேயே தெரிந்துவிடும், ஐயா. கறுப்புக் கம்பளிதான் கிட்டே வந்த பிறகு தெரியும். பகலில் பனி மூடிவிட்டால் எல்லாம் தலைகீழ்!" என்றார்.

அந்த ஓட்டுநர் கூறியது நூற்றுக்கு நூறு உண்மை. 'இந்த நிறம் நன்கு தெரியும், அந்த நிறம் தெரியாது' என்று நாம் பொதுப்படப் பேசுகிறோம். அப்படி எந்த நிறத்திற்கும் நிலையான குணம் கிடையாது. ஒரு பொருள் நம் கண்ணுக்குப் புலப்படுவது, அதன் பின்னால் இருப்பதினின்று அது வேறுபட்டு நிற்பதனால்தான். பகற்பனி வெண்மையானது, அதில் வெள்ளை கரைகிறது, கறுப்பு துலங்குகிறது. இரவு கரியது, விளக்கொளி படும்போது அதில் வெள்ளை துலங்குகிறது, கறுப்பு கரைகிறது. ஆகவே, உடையின் நிறத்தைத் தெரிவு செய்யுமுன் கேட்க வேண்டிய முதற்கேள்வி, 'எனக்குப் பின்னால் என்ன இருக்கும்?' என்பதேயாம்.

இந்தப் பாடத்தைக் கற்க நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. வெலிமடைக்குத் தெற்கே, அதிக தொலைவில்லாத தியத்தலாவையே இதற்கு ஒரு பள்ளிக்கூடம் போன்றது. 1900ஆம் ஆண்டில், தென்னாபிரிக்கப் போரிலே சிறைப்பட்ட போயர் வீரர்களை ஆங்கிலேயர் கப்பலேற்றி இலங்கைக்குக் கொண்டுவந்தனர். ஏறத்தாழ 5,000 பேர் அவ்வாறு வந்தனர். தியத்தலாவையில் பெரும் முகாம் எழுந்தது. அந்தப் போயர்களுக்கும் உடை நிறத்துக்கும் ஒரு தொடர்புண்டு. 1880-81இல் அவர்களோடு நடந்த முதற்போரில், செந்நிறக் கோட்டணிந்த ஆங்கிலச் சிப்பாய்கள் புல்வெளியிலே வெகு தூரத்துக்குத் தெரிந்தனர். போயர்களோ படைச்சீருடை எதுவுமின்றி, நாட்டுப்புற விவசாயியின் மங்கலான அன்றாட உடையில் பாறைகளுக்கிடையே பதுங்கிக் குறிபார்த்துச் சுட்டனர். செங்கோட்டின் மிடுக்கு உயிருக்கே உலையாயிற்று.

1885இல் சூடானில் நடந்த கின்னிஸ் போரே செங்கோட்டுடன் ஆங்கிலப் படை பொருத கடைசிப் போர் என்பர். அதன்பின் காக்கி நிறம் களத்துக்கு உரியதாயிற்று. காக்கி என்னும் சொல்லுக்கே 'புழுதி நிறம்' என்றுதான் பொருள். 1840களின் பிற்பகுதியில், பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் திரட்டிய 'கைட்ஸ்' படையினரே இதனை முதலில் அணிந்தோர். வறண்ட மண்ணில் மறைய வேண்டியவனுக்கு மண்ணே உடையாயிற்று. இன்று தியத்தலாவையில் இராணுவ அதிகாரிகளைப் பயிற்றும் கலாபீடம் இருக்கிறது. மறைந்து நிற்கும் கலையும் படைவீரர் கற்கும் பாடங்களில் ஒன்று.

அதே ஊரில் இதற்கு நேர்மாறான பாடமும் நடக்கிறது! நில அளவையாளர்களைப் பயிற்றும் நிலையமும் அங்குதான் உள்ளது. அளவையாளர் தொலைவில் நட்டு வைக்கும் கம்பைப் பார்த்திருக்கிறீர்களா? சிவப்பும் வெள்ளையும் மாறிமாறிப் பூசப்பட்டிருக்கும். அஃது அழகுக்காகச் செய்ததன்று. பின்னால் கரிய காடு இருந்தால் வெள்ளைப் பட்டை தெரியும். வெளிறிய வானம் இருந்தால் சிவப்புப் பட்டை தெரியும். பின்புலம் எதுவாயினும் கம்பு மறையாது. ஒரே நிறத்தை நம்பாமல் இரண்டை இணைத்துக்கொண்ட இந்த எளிய யுக்தி, நம் குடும்பங்களுக்கும் மிகவும் பயன்படக் கூடியது.

இனி, சிவப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 'சிவப்பைவிடப் பளிச்சென்ற நிறம் ஏது?' என்று பலரும் நினைக்கிறோம். பகலிலே சரிதான். அந்திப்பொழுதில் சிவப்பு நம்மைக் கைவிட்டுவிடும். ஒளி குறையக் குறைய, நமது கண் சிவப்பை உணரும் ஆற்றலை முதலில் இழக்கிறது. நீலமும் பச்சையும் பின்னும் சற்று நேரம் நிற்கின்றன. செம்பருத்திப் பூ மாலை மங்கியதும் கறுத்துத் தோன்ற, அதன் இலைகள் வெளிறித் தெரிவதைக் கவனித்துப் பாருங்கள். செக் நாட்டு விஞ்ஞானி புர்க்கின்யே 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதனை ஆராய்ந்து எழுதினார். ஆகவே, மாலை வகுப்பு முடிந்து திரும்பும் பிள்ளைக்குச் சிவப்புச் 'சுவெட்டர்' மட்டும் போதுமான காவலாகாது.

அப்படியாயின் எதை அணிவது? வீதி வேலை செய்வோர் அணியும் மஞ்சள், செம்மஞ்சள் மேற்சட்டைகளைக் கண்டிருப்பீர்கள். அவற்றின் துணியில் ஒளிரும் சாயம் உண்டு. கண்ணுக்குப் புலப்படாத புறவூதாக் கதிரை ஏற்று, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக அது மாற்றித் தருகிறது. அதனால்தான் வெயிலில்லாத மந்தாரமான பகலிலும் அந்நிறம் தனியே மின்னுகிறது. அமெரிக்காவில் சுவிட்சர் சகோதரர்கள் 1930களில் இத்தகைய சாயங்களை உருவாக்கினர். 1964இல் ஸ்கொட்லாந்தில் தண்டவாளத்தில் வேலை செய்த ஊழியர்க்குச் செம்மஞ்சள் மேற்சட்டைகள் அளிக்கப்பட்டன. பிற்பாடு அவை உலகெங்கும் பரவின.

ஆனால் பகலில் மின்னும் இச்சாயம் இரவில் பெரிதும் உதவாது. மோட்டார் விளக்கில் புறவூதாக் கதிர் மிகக் குறைவு. இரவுக்கு வேண்டியது வெள்ளிநிறப் பிரதிபலிப்புப் பட்டி. அதிலுள்ள நுண்ணிய கண்ணாடி மணிகள், வந்த ஒளியை வந்த திசைக்கே திருப்பியனுப்பும். இருளில் மின்னும் பூனையின் கண்ணும் ஏறக்குறைய இவ்வாறே ஒளியைத் திருப்புகிறது. பகலுக்குச் சாயம், இரவுக்குப் பட்டி. இரண்டும் சேர்ந்தால்தான் காவல் முழுமையாகும்.

தெரிய வேண்டியது யாருடைய கண்ணுக்கு என்பது அடுத்த கேள்வி. விடுமுறையில் ஹோட்டன் சமவெளிக்குச் செல்லும் மாணவர்கள் இதனை அறிந்திருத்தல் நலம். அங்கு மேயும் மரைகள் மான் இனத்தைச் சேர்ந்தவை. மான்களின் கண், செம்மஞ்சளையும் சிவப்பையும் நம்மைப்போல் பிரித்தறிவதில்லை. மேனாட்டில் மான் வேட்டைக்குச் செல்வோர் செம்மஞ்சள் மேற்சட்டை அணிவது இதனால்தான். மற்ற மனிதர்க்கு அது தெரியும், மானுக்குப் பெரிதாய்த் தோன்றாது. பறவைகளின் கண்ணோ நம்முடையதினும் கூர்மையானது. புறவூதா ஒளியைக்கூட அவற்றுட் பல காணும். பறவை பார்க்க விரும்புவோர் மங்கலான பச்சை, மண்ணிறம் ஆகியவற்றை அணிந்து அசையாதிருப்பதே வழி. ஆனால் போரின் கொடுமையைக் கண்ட நம் நாட்டில், படைவீரர் உடையை ஒத்த புள்ளித் துணிகளைத் தவிர்த்துவிடுங்கள்.

மறைந்து நிற்பதிலும் ஓர் ஆபத்துண்டு. பச்சை உடையில் வழிதவறி, காலும் சுளுக்கிக்கொண்டால், தேடி வருவோர் கண்ணுக்கும் நீங்கள் தென்படமாட்டீர்கள். எனவே பையினுள் செம்மஞ்சள் துணி ஒன்றை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். வேண்டும்போது மறைவதும் வேண்டும்போது தெரிவதும் அப்போது உங்கள் கையில் இருக்கும்.

கொழுந்து பறிக்கும் தாய்மாருக்கும் ஒரு சொல். தேனீக்கள் கரிய நிறத்தின்மீதே அதிகம் சீறும். தேனீ வளர்ப்போர் வெளிறிய உடை அணிவது அதனால்தான். ஆயினும் கூடு கலைந்த பின்னர் எந்த நிறமும் காப்பாற்றாது. விலகி ஓடுவதே வழி.

இனி வீட்டுக்கு வருவோம். சீருடையின் நிறத்தை நாம் மாற்ற இயலாது; மாற்றவும் வேண்டியதில்லை. அளவையாளரின் கம்பை நினைவிற் கொள்ளுங்கள். வெள்ளைச் சீருடைக்குமேல் கறுப்போ கருநீலமோ அல்லாத, ஒளிரும் மஞ்சள் அல்லது செம்மஞ்சள் மழைச்சட்டை வாங்குங்கள். குடை வாங்கும்போதும் அவ்வாறே. புத்தகப் பையின் பின்புறத்தில் பிரதிபலிப்புப் பட்டியில் ஒரு சாண் துண்டு தையுங்கள். சப்பாத்தின் குதியிலும் சிறிது ஒட்டலாம். அசையும் காலில் உள்ள ஒளி, நடப்பது மனிதன் என்பதை ஓட்டுநருக்கு உடனே உணர்த்தும். அப்பாயியின் கம்பளி ஓரத்திலும் ஒரு துண்டு இருக்கட்டும். நடைபாதை இல்லாத வீதியில் வலப்புறமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்கப் பழக்குங்கள்.

மாணவச் செல்வங்களே, இதனை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, நீலம், மஞ்சள் ஆகிய ஐந்து துணித் துண்டுகளை வேலியிற் கட்டுங்கள். ஐம்பது அடி தள்ளி நின்று, மூடுபனியில் ஒருமுறையும் அந்தியில் ஒருமுறையும், எது முதலில் மறைகிறது, எது கடைசிவரை நிற்கிறது என்று எழுதி வையுங்கள். பின்னர் அந்தத் தாளை அம்மாவிடம் காட்டுங்கள். அடுத்த மழைச்சட்டை என்ன நிறத்தில் வாங்க வேண்டும் என்பதை வீட்டாரெல்லாரும் சேர்ந்து முடிவு செய்வீர்கள்.