சத்தத்தைக் கூட்டினால் போதுமா?

சென்னை பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டில் முப்பது வருடம் உழைத்து ஓய்வுபெற்றவரின் வீட்டில் டிவி அலறும். "அப்பா, குறைங்க!" என்று மகள் கத்துவது அவர் காதில் விழாது.

85 டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சலில் தினமும் எட்டு மணி நேரம், ஆண்டுக்கணக்கில் நின்றால், காது முதலில் இழப்பது மேல்ஸ்தாயி ஒலிகளை. ச, ஸ, ஷ நழுவிவிடும். பேச்சு கேட்கும், சொல் புரியாது. அதனால்தான் கடையில் கிடைக்கும், காதில் மாட்டும் மலிவான ஒலிபெருக்கிக் கருவி ஏமாற்றுகிறது; ஜன்னலுக்கு வெளியே போகும் ரயிலின் இரைச்சலையும் சேர்த்தே அது கூட்டும். முதலில் ஸ்டான்லி மருத்துவமனை போன்ற இடத்தில் காது பரிசோதனை. அதில் கிடைக்கும் செவித்திறன் வரைபடத்தைப் பார்த்துத்தான் செவித்துணைக் கருவியைப் பொருத்த வேண்டும். குறைந்த வருமானக் குடும்பங்கள் இக்கருவியைப் பெற உதவும் மத்திய அரசுத் திட்டம் 1981 முதலே இருக்கிறது.

கருவி வந்த பிறகும் தூரம் ஒரு தொல்லை. தூரம் இரட்டிப்பானால் ஒலி ஆறு டெசிபல் வரை குறையும். டிவி ஒலியை நேரே காதுக்கு அனுப்பும் சிறு பெட்டி இதற்குத்தான். டிவியின் சத்தம் வீட்டாருக்கு அளவோடு இருக்கும், அவருக்கும் வசனம் புரியும்.

அழைப்பு மணியோடு மின்னும் விளக்கையும் மாட்டிவிட வேண்டும். சிலிண்டர் கொண்டுவருபவர் கதவைத் தட்டித் தட்டித் திரும்பிப் போகமாட்டார்.